மலைக்காட்டில் விருந்தினர்

கோடை விடுமுறை நெருங்கியதும், தில்லியிலும் கான்பூரிலும் சண்டிகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "ஊருக்கு எப்போது புறப்படுவது?" என்பதுதான். பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றரை நாளோ இரண்டு நாளோ இரயிலில் அமர்ந்து தெற்கு நோக்கிச் செல்வதே நமக்கு விடுமுறை. அது வேண்டியதே. பாட்டனாரையும் பாட்டியையும் காணாமல் குழந்தைகள் வளரலாகாது. எனினும், தெற்கே இரண்டு நாள் தொலைவைச் சலிப்பின்றிக் கடக்கும் நாம், வடக்கே ஓரிரவுத் தொலைவில் நிற்கும் இமயத்தைப் பெரும்பாலும் மறந்தே இருந்துவிடுகிறோம். தில்லியில் இரவு இரயிலேறினால், விடியற்காலையில் காட்கோதாமில் இறங்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்பது குமாவூன் மலை. மேற்கே ரிஷிகேசத்தைத் தாண்டினால் கார்வால் மலை. இவ்விரண்டும் சேர்ந்ததே இன்றைய உத்தராகண்ட மாநிலத்தின் மலைநாடு.

பத்ரிநாதத்துக்கும் கேதாரத்துக்கும் யாத்திரை சென்றவர்கள் நம்மில் பலர். நைனிதாலிலும் முசூரியிலும் விடுதியில் தங்கி, கம்பளி வாங்கித் திரும்பியவர்களும் உண்டு. ஆனால், காட்டின் நடுவே கூடாரம் அடித்து, தாமே சமைத்து உண்டு, மர நிழலில் நடந்து, மண்மீது உறங்கி எழுந்தவர்கள் சிலரே. அண்மைக் காலத்தில் நம் இளைஞர்களிடையே இந்த ஆர்வம் பெருகி வருகிறது. பள்ளிப் பிள்ளைகளும் சாரணர் குழுக்களோடு செல்கின்றனர். ஆதலால், மலைக்காட்டில் பாசறை அமைத்துத் தங்குவது எவ்வாறு, அதில் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன்.

முதலில் காட்டின் இயல்பைக் காண்போம். இமயமலைக் காடு என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும், அது மாடமாளிகைபோல் அடுக்கடுக்காக அமைந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 அல்லது 7 டிகிரி குறைகிறது. வெப்பம் குறையக் குறைய மரமும் மாறுகிறது. அடிவாரத்தில் சால மரங்கள். சற்று மேலே ஏறினால், ஊசி போன்ற இலைகளையுடைய சீர் என்னும் பைன் மரங்கள். 1,500 மீட்டருக்கு மேல் பாஞ்ச் எனப்படும் ஓக் மரங்கள் குடைவிரித்து நிற்கும். அவற்றின் இடையே புரான்ஸ் மரம் மாசி, பங்குனி மாதங்களில் குருதி நிறப் பூக்களைச் சொரியும். இந்தப் புரான்ஸ் மரத்தின் உறவை நீலகிரியிலும் பழனி மலையிலும் காணலாம். அங்கே அதனைக் காட்டுப் பூவரசு என்பர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த உடன்பிறந்தார்போல் ஒன்று வடகோடியிலும் மற்றொன்று தென்கோடியிலும் நிற்கின்றன. அதற்கும் மேலே தேவதாரு. அதன்பின் பூர்ஜ மரம். நம் முன்னோர் ஏடாகப் பயன்படுத்திய பூர்ஜபத்திரம் இதன் பட்டைதான். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் மரங்கள் முடிந்துவிடும். அதற்கு மேல் பரந்த பசும்புல் வெளிகள் தொடங்கும். அவற்றை அந்நாட்டு மக்கள் புக்யால் என்பர்.

இவற்றுள் பாஞ்ச் காட்டைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அதன் அடியில் உதிர்ந்த இலைகள் மக்கிப் பஞ்சுபோல் கிடக்கும். பெய்யும் மழையை அப்பஞ்சு உறிஞ்சிக்கொண்டு, சிறுகச் சிறுக ஊற்றாகக் கசியவிடும். நீலகிரிச் சோலைக்காடுகள் நம் ஆறுகளுக்குச் செய்வதை இக்காடுகள் அந்த மலைக் கிராமங்களுக்குச் செய்கின்றன. பாஞ்ச் மரம் உள்ள இடத்தில் நீர் உண்டு என்பது அங்குள்ளோர் கண்ட உண்மை. கூடாரம் அடிக்க இடம் தேடுபவர்களுக்கும் இது நல்ல குறிப்பாகும்.

இனி, இடம் தேர்தல். பாசறை வாழ்க்கையில் பாதி வெற்றி இதில் அடங்கியிருக்கிறது. என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகிறேன். தில்லியில் பணியாற்றிய தமிழ் இளைஞர் அறுவர், ஓர் ஆனி மாதத்தில் குமாவூன் மலைக்குச் சென்றோம். மாலை நேரம். நடந்து களைத்த எங்களுக்கு, ஒரு சிற்றாற்றின் ஓரத்தில் வெண்மணல் திட்டு ஒன்று தென்பட்டது. மெத்தை விரித்தாற்போல் சமதரை. நீரும் கையெட்டும் தொலைவு. மகிழ்ச்சியுடன் முளையடித்துக் கூடாரத்தைக் கட்டிவிட்டோம். அடுப்பு மூட்டும் வேளையில், ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். "பாபுஜி, இது நதியின் இடம். வெளியே போயிருக்கிறது. எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?" என்றார். வானம் தெளிவாக இருந்தது. நாங்கள் தயங்கினோம். அவர் நகரவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கூடாரத்தைப் பிரித்து, மேலே பயிரிடாமல் கிடந்த ஒரு படிவயலுக்கு மாற்றினோம். அன்றிரவு எங்கள்மீது ஒரு துளி மழையும் விழவில்லை. தொலைவில், ஆற்றின் தலைப்பக்கத்தில் மின்னல் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின், பாலத்தின்மீது சரக்கு இரயில் ஓடுவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. விடிந்து பார்த்தால், மணல் திட்டு இருந்த இடத்தில் செந்நீரும் உருண்ட பாறைகளும்தான் இருந்தன.

ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அளவு மழை சிறிய பரப்பில் கொட்டுவதை வானிலையாளர் மேகவெடிப்பு என்கின்றனர். மலைச் சரிவில் அந்நீர் நிற்க இடமின்றி ஒரே ஓடையில் திரண்டு பாய்கிறது. நாம் இருக்கும் இடத்தில் மழை இல்லை என்பதால் ஆறு அமைதியாக இருக்கும் என்று எண்ணலாகாது. 2013-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கேதாரநாதத்தில் நேர்ந்த பெருந்துயரை நாம் அறிவோம். ஆற்றின் படுகையும், வறண்ட ஓடையும், குறுகிய பள்ளத்தாக்கின் அடித்தளமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தங்கத் தகுந்தவை அல்ல.

வேறு சில இடங்களையும் விலக்க வேண்டும். பட்டமரத்தின் அடியிலும், உலர்ந்த கிளை தொங்கும் இடத்திலும் கூடாரம் கூடாது. நடு இரவில் காற்று வீசினால் கிளை முறிந்து விழும். மலையின் முகட்டில் காற்றும் இடியும் தாக்கும். பள்ளமான இடத்தில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். விலங்குகள் நடந்து பழகிய ஒற்றையடிப் பாதை அவற்றின் வழி. அதில் நாம் படுக்கலாகாது. உயரம் மிகுதியில்லாத, மெல்லச் சரிந்த, முன்பே பலர் தங்கிப் புல் தேய்ந்த இடமே சிறந்தது. ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் 60 மீட்டராவது, அதாவது ஏறத்தாழ எண்பது எட்டுகள், தள்ளி இருப்பது நன்று. நீர் நமக்கு மட்டும் உரியதன்று. கீழே உள்ள கிராமத்தாரும், இரவில் நீர் அருந்த வரும் மானும் அதற்கு உரியவர்கள்.

அடுத்தது நெருப்பு. பாசறை என்றாலே சுள்ளி பொறுக்கித் தீ மூட்டி, சுற்றி அமர்ந்து பாடும் காட்சிதான் பலர் கண்முன் வருகிறது. ஆனால், உத்தராகண்டத்தில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத் தீக் காலம் என்று வகுத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை முழுவதும் பெரும்பாலும் இக்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. சீர் மரத்தின் ஊசியிலைகளை அங்கே பிருல் என்பர். பங்குனி தொடங்கி அவை உதிர்ந்து, தரை முழுதும் செம்பட்டு விரித்தாற்போல் கிடக்கும். அவற்றில் பிசின் உண்டு. ஒரு துண்டு பீடியோ, அணையாத ஒரு கரியோ போதும்; தீ சரிவில் மேல்நோக்கி ஓடும். மலையில் தீ மேலேறும் வேகத்துக்கு மனிதன் ஓடி ஈடுகொடுக்க முடியாது.

2016-ஆம் ஆண்டில் அங்குள்ள காடுகள் பல நாட்கள் எரிந்தன. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் ஏரிகளிலிருந்து நீரை மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று, அல்மோரா மாவட்டத்துப் பின்சர் வனவிலங்குச் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர்களில் நால்வர் அன்றே உயிரிழந்தனர். காட்டுத் தீயில் பெரும்பகுதி மனிதர் கையால் நேர்வது என்பதை நினைக்கும்போது, இவ்விறப்பு நம் மனத்தை உறுத்த வேண்டும். ஆகையால் தீக் காலத்தில் வெட்டவெளியில் தீ மூட்டவே வேண்டாம். சிறிய எரிவாயு அடுப்பு ஒன்று சமையலுக்குப் போதும். அதனையும் பிருல் இல்லாத, பெருக்கித் துப்புரவு செய்த கல்தரைமீது வைக்க வேண்டும். மழைக்குப் பின் அனுமதி பெற்றுத் தீ மூட்டினாலும், பிரியும் முன் நீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் நீர் ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் நெருப்பு இன்னும் அணையவில்லை என்றே கொள்ள வேண்டும்.

விறகு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் கிடக்கும் கட்டை யாருக்கும் சொந்தமில்லை என்று நகரத்தார் எண்ணுவர். அந்த மலையில் விறகையும் புல்லையும் சுமந்து வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதற்காக நாள்தோறும் நெடுந்தொலைவு நடக்கிறார்கள். 1974-ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று, சமோலி மாவட்டத்து ரேணி கிராமத்தில், ஆடவர் ஊரில் இல்லாத வேளையில் மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவி என்னும் அம்மையார் தலைமையில் பெண்கள் காட்டுக்குள் சென்று மரங்களைக் காத்து நின்றனர். சிப்கோ இயக்கம் உலகறியப் பெயர் பெற்றது அந்நிகழ்ச்சியால்தான். அன்றியும், அங்கே பல காடுகள் 1931 முதல் வன பஞ்சாயத்து என்னும் கிராம அமைப்புகளின் பொறுப்பில் இருந்து வருகின்றன. இன்று அவை பதினோராயிரத்துக்கும் மேல் உள்ளன. நாம் கூடாரம் அடிக்கும் இடம் ஆளில்லாத இடம்போல் தோன்றினாலும், அதற்கு ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரைக் கேட்டே தங்க வேண்டும்.

இனி உணவும் நீரும். மலைமேல் அரிசி வேகவில்லையே என்று வருந்தும் தமிழர்களை நான் கண்டிருக்கிறேன். அது அரிசியின் குற்றமன்று. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. சென்னைக் கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 3,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதிக்கும். பானை தளதளவென்று பொங்கினாலும் உள்ளே சூடு போதாது. பருப்போ இன்னும் மோசம். சிறிய பிரஷர் குக்கர் ஒன்றை எடுத்துச் சென்றால் இத்தொல்லை நீங்கும். அதைவிட எளிய வழி நம் பாட்டிமார் அறிந்ததே. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்து பிரயாணம் செய்த காலத்தில் அவர்கள் செய்து தந்த அவல், சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை, எள்ளுருண்டை, பருப்புப் பொடி ஆகியவை மலைக்கு மிகப் பொருத்தமானவை. எடை குறைவு, கெடாது, அடுப்பும் வேண்டுவதில்லை. நடுவழியில் களைத்த பிள்ளையின் கையில் ஓர் எள்ளுருண்டையைக் கொடுத்துப் பாருங்கள்.

குடிநீரைக் கொதிக்க வைத்தே அருந்த வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுவது நல்லது. குமாவூனில் ஊற்றைச் சுற்றிக் கல்லால் படிகட்டி, மேலே கூரை அமைத்து, சிறு கோயில்போல் காத்து வருவர். அதற்கு நௌலா என்று பெயர். அதனுள் செருப்புக் காலுடன் இறங்குவதும், சோப்பு நுரையைக் கலப்பதும், எச்சில் பாத்திரத்தைக் கழுவுவதும் அவ்வூராரை அவமதிக்கும் செயல்கள். இமயமலைப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டு வருவதாக நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இருக்கும் ஊற்று எத்துணை அருமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. குளிக்கவும் கழுவவும் நீரைப் பாத்திரத்தில் எடுத்து, தொலைவில் சென்று பயன்படுத்துவதே முறை.

உடையைப் பொறுத்தவரை, தென்னாட்டிலிருந்து வந்தவர்கள் நாம் பெரும்பாலும் தவறு செய்கிறோம். தடித்த கம்பளிச் சட்டை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே பருத்திப் பனியனும் சட்டையும் அணிகிறோம். ஏறும்போது வியர்வை பருத்தியை நனைக்கிறது. நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சுகிறது. மண்பானையில் நீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படியே ஈரப்பருத்திக்குள் இருக்கும் உடம்பும் குளிர்கிறது. கோடையில் பானைக்கு நன்மையாவது மலையில் மனிதனுக்குக் கேடாக முடிகிறது. ஆதலால், மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை ஆடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, ஏறும்போது களைந்தும் நிற்கும்போது அணிந்தும் கொள்ள வேண்டும். மழைக்கோட்டும், நனையாமல் பையில் சுற்றிய ஒரு மாற்றுடையும் கட்டாயம் வேண்டும். இரவில், மேலே எத்தனை கம்பளி போர்த்தாலும், கீழே தடித்த விரிப்பு இல்லையெனில் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். போர்வையைவிட விரிப்பே முதன்மை என்பதை முதல் இரவிலேயே உணர்வீர்கள்.

குளிர் உயிரையும் வாங்கும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் தொடக்கத்தில், கர்நாடகத்திலிருந்து வந்த மலைநடைக் குழு ஒன்று உத்தரகாசிப் பக்கத்துச் சஹஸ்திரதால் என்னும் உயரமான ஏரிப் பகுதியில் கடும்பனிக் காற்றில் சிக்கிக்கொண்டது. அவர்களில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். தில்லியில் அனல் வீசும் ஜூன் மாதத்தில் இது நிகழ்ந்தது. உயர்ந்த மலையில் பகலின் வெயிலை நம்பி மாலைக்குரிய உடையை விட்டுச் செல்லலாகாது. பிற்பகலில் வானிலை மாறுவது அங்கே வழக்கம். விடியலில் புறப்பட்டு, நண்பகல் கழிந்த சிறிது நேரத்துக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுவது அனுபவசாலிகளின் நெறி.

இன்னோர் இடர், கண்ணுக்குத் தெரியாதது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்துவிடுவதால், உடம்பு அதற்குப் பழகும்வரை தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். நம்மவர் இதனைப் பித்தம் என்று எண்ணி, இஞ்சிச் சாறும் சுக்குக் காப்பியும் அருந்திவிட்டு மேலே நடப்பர். அது பெருந்தவறு. உயரத்தால் வரும் நோய்க்கு முதல் மருந்து ஏறாமல் நிற்பது. நிற்கையிலும் நோய் மிகுந்தால் கீழே இறங்குவது. நடை தள்ளாடினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் துணையுடன் இறக்க வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின், ஓர் இரவு உறங்கும் இடத்தைவிட மறுநாள் உறங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கலாகாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வும் வேண்டும். உடம்பு வலிமையுள்ள இளைஞனுக்கும் இந்நோய் வரும். இறங்குவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

விலங்குகளைப் பற்றி அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும். சிறுத்தையும் கருங்கரடியும் அக்காடுகளில் உண்டு. அவை மனிதனைத் தேடி வருவதைவிட, அவன் வைத்திருக்கும் உணவின் மணத்தைத் தேடி வருவதே மிகுதி. ஆதலால் உணவைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்கலாகாது. அந்தி வேளையில் குழந்தைகளைத் தனியே நீரெடுக்கவோ, ஒதுங்கவோ அனுப்பலாகாது. புதர் அடர்ந்த வழியில் பேசிக்கொண்டே நடந்தால், நம் வரவை அறிந்து கரடி விலகிவிடும். பாதையோரத்தில் பிச்சூ காஸ், அதாவது தேள்புல், என்னும் செடி ஒன்று உண்டு. அது நம் காஞ்சொறியைப் போன்றது. தொட்டால் கை எரியும். குழந்தைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

இதுவரை நமக்கு நேரக்கூடிய தீங்குகளைக் கூறினேன். காட்டுக்கு நம்மால் நேரும் தீங்கு அதைவிடப் பெரிது. முன்பு சொன்ன புக்யால் புல்வெளிகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டில் பாதி நாள் பனியின் கீழ்க் கிடந்து, எஞ்சிய சில மாதங்களில் தளிர்த்துப் பூத்து விதையிடும் புல் அது. அதன் வேர்ப்பின்னல்தான் மெல்லிய மண்ணைச் சரிவில் பிடித்து வைத்திருக்கிறது. கூடாரத்தைச் சுற்றி மழைநீருக்கென வாய்க்கால் வெட்டினால், அந்த வெட்டு ஆறப் பல ஆண்டுகள் ஆகும். சில வேளை ஆறாமலே மழையில் அரித்து ஓடையாகிவிடும். நூற்றுக்கணக்கான கூடாரங்களும், அவற்றுக்குச் சுமை தூக்கும் கோவேறு கழுதைகளும், எறிந்த பிளாஸ்டிக்குகளும் சேர்ந்தபோது, உள்ளூர் மக்களே நீதிமன்றத்தை அணுகினர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உத்தராகண்ட உயர் நீதிமன்றம், புக்யால்களில் இரவு தங்குவதைத் தடைசெய்தும், செல்வோர் தொகையை 200-க்குள் வரையறுத்தும் உத்தரவிட்டது.

இதற்கு முன்னும் இத்தகைய நிலை நேர்ந்தது. நந்தாதேவி மலையின் உள்வட்டப் பள்ளத்தாக்கு, 1934-ஆம் ஆண்டில் ஷிப்டன், டில்மன் என்னும் இரு மலையேறிகள் வழி கண்டு நுழையும்வரை வெளியுலகம் கால்வைக்காத இடம். பின்னர் எண்ணற்ற குழுக்கள் சென்று, விறகுக்கு மரம் வெட்டி, குப்பையைக் குவித்தன. 1982-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அதன்பின் உள்வட்டம் அடைக்கப்பட்டது. அருகே உள்ள மலர்ப் பள்ளத்தாக்கிலும் இரவு தங்க இடமில்லை. காலையில் உள்ளே சென்று மாலைக்குள் காங்கரியா என்னும் சிற்றூருக்குத் திரும்பிவிட வேண்டும். அன்புடன் வந்தவர்களே அளவு மீறியதால் கதவு அடைபட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் காலத்திலும் சில கதவுகள் திறந்திருக்க வேண்டுமல்லவா?

ஆதலால் சில ஒழுக்கங்கள். கொண்டு சென்ற காகிதமும் உறையும் புட்டியும் திரும்பி நம்மோடே வரவேண்டும். புதைப்பதும் எரிப்பதும் தீர்வாகா, விலங்குகள் தோண்டிவிடும். மலம் கழிக்க, நீர்நிலைக்கு 60 மீட்டருக்கு அப்பால் ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, மண்ணால் மூடிவிட வேண்டும். பூப்பறிக்கவும் செடி பிடுங்கவும் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். இரவில் காட்டுக்கு ஓர் ஓசை உண்டு. அதைக் கேட்கவே அவ்வளவு தொலைவு சென்றோம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில. செல்லும் இடம் எந்த வனக்கோட்டத்தைச் சேர்ந்தது என்று அறிந்து, அங்கு அனுமதி கேட்டுப் பெற வேண்டும். விதிகள் இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது, பாதைக்கும் நல்லது, அவ்வூர் வருவாய்க்கும் நல்லது. நீங்கள் போகும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டிலுள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். மலையில் செல்பேசியை நம்ப முடியாது. கைவிளக்கு, ஊதல், கயிறு, மருந்துப் பெட்டி ஆகியவை ஒவ்வொரு குழுவிடமும் இருக்க வேண்டும். முதன்முறை செல்வோர் 2,000 மீட்டர் அளவுள்ள பாஞ்ச் காடுகளில் ஓரிரவு இரண்டிரவு தங்கிப் பழகுவது போதும். முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்க்கு, 1954-இல் டார்ஜிலிங்கில் நிறுவப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையமும், 1965-இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையமும் உள்ளன. இந்திய இளைஞர் விடுதிச் சங்கம் குறைந்த செலவில் மலைநடை முகாம்களை நடத்தி வருகிறது.

நேயர்களே! விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. மலைக்காட்டில் நாம் தங்குவதும் அத்தகைய விருந்தே. நல்ல விருந்தினன் வீட்டாரைக் கேட்டு உள்ளே வருவான், அவர்கள் காட்டிய இடத்தில் அமர்வான், கிணற்றைக் கலக்கமாட்டான், புறப்படும்போது பாயைச் சுருட்டி வைத்துச் செல்வான். பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வொழுக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. அண்டை வீட்டார் மொழியைக் கற்று, அவர் வழக்கத்தை மதித்து, நம் வழக்கத்தையும் விடாமல் வாழப் பழகியவர்கள் நாம். அதே பழக்கத்தைக் காட்டுக்கும் கொண்டு செல்வோம்.

அன்று மணல் திட்டிலிருந்து எங்களை எழுப்பிய முதியவரின் பெயரை நாங்கள் கேட்க மறந்துவிட்டோம். விடிந்ததும் நன்றி சொல்லத் தேடினோம். அவர் ஆடுகளுடன் மேலே ஏறிப் போய்விட்டிருந்தார். அவருடைய ஊர்ப் படிவயலில் நாங்கள் கூடாரம் அடித்த இடத்தைத் துப்புரவு செய்து, முளைக்குழிகளை மூடி, கற்களை இருந்தபடியே வைத்துவிட்டு இறங்கினோம். நன்றி கூற வேறு வழி எங்களுக்குத் தோன்றவில்லை.